அடியில் பெயர் இல்லை

நீதிபதி ஹார்மனஸ் கேப்டன் கிடியனை உயிரோடு கடைசியாகப் பார்த்தது தன் வீட்டு வாசலில்தான். குதிரையை விட்டு இறங்கிய கையோடு கிடியன் ஒரு கடிதக் கட்டை நீட்டினான்.

"லிஸ்பெத் எனக்கு எழுதினது, ஐயா. அவகிட்ட சேர்த்துடுங்க."

அமெரிக்கா ஆங்கிலேயரோடு விடுதலைப் போர் நடத்திய காலம் அது. ஆல்பனி ஊரின் பெரிய குடும்பங்களில், பெண்ணின் கடிதங்களைத் திருப்பிக் கொடுத்தால் ஒரே அர்த்தம்தான். கல்யாணம் இல்லை.

"ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. இப்ப என் பொண்ணு வேண்டாமா உனக்கு?"

"ஐயா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"காரணம் வேறயா? சண்டைக்குப் போறவனாச்சேன்னு பாக்கறேன். இல்லேன்னா சாட்டைதான் பேசும். போடா!"

குதிரைக்குத் தண்ணீர்கூடக் காட்டவிடாமல் விரட்டினார்.

லிஸ்பெத் அழவில்லை. கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மறுபடி கட்டி வைத்தாள். கிடியன் போரில் இறந்தான் என்று செய்தி வந்தபோது கறுப்பு உடுத்தினாள்.

"வேண்டாம்னு போனவனுக்குத் துக்கமா? ஊர் சிரிக்கும்" என்றார் நீதிபதி.

அவள் கறுப்பைக் கழற்றவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை, வீடு நிறைய விருந்தாளிகள். நீதிபதியின் அக்கா யூதித், நியூயார்க்கில் ஆங்கிலேயர் அச்சடிக்கும் பத்திரிகையோடு வந்தாள்.

"கேளுங்க கூத்தை! செத்துப்போன நம்ம அதிகாரிங்க பையில கிடைச்ச காதல் கடுதாசியை எல்லாம் அச்சுல போட்டு மானத்தை வாங்கறான். டாக்டர் வீட்டுப் பொண்ணு பேரோடயே வந்திருக்கு. பாவம், வெளியே தலை காட்டறதில்லை. இது இன்னொருத்தி எழுதினது: 'தோற்று வந்தாலும் வாருங்கள். ஒரு கால் இல்லாமல் வந்தாலும் வாருங்கள். எனக்குச் சம்மதம்.' மகாராணிக்கு என்ன அவசரம் பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"யாராம் அது?"

"அடியில பேர் இல்லை. கத்தியால வெட்டி எடுத்திருக்காம், பத்திரிகைக்காரனே எழுதறான். நல்லவேளை ஹார்மனஸ், அந்தக் கிடியன் நம்ம பொண்ணு கடுதாசியைத் திருப்பிக் குடுத்துட்டான். இல்லேன்னா நம்ம பேரும் சந்தி சிரிச்சிருக்கும்."

நீதிபதி கையிலிருந்த காப்பிக் கோப்பை பாதி வழியில் நின்றது.

லிஸ்பெத் எழுந்தாள்.

"அது என் கடிதம், அத்தை. எல்லாத்தையும் திருப்பிக் குடுத்தவர் இது ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டார். என் பேரை வெட்டிட்டு வெச்சுக்கிட்டார்."

"வாயை மூடுடி!" அத்தை பதறினாள். "யாருக்கும் தெரியாது. அப்படியே விட்டுடு."

நீதிபதி அக்காவிடமிருந்து பத்திரிகையை வாங்கி மேசையில் விரித்தார். மைக்கூட்டை மகள் பக்கம் நகர்த்தினார்.

"உன்னைக் காப்பாத்தத்தான் அவன் கடிதங்களைத் திருப்பிக் குடுத்தான், பேரை மறைச்சான். நீ மறைக்க என்ன இருக்கு? போடும்மா கையெழுத்தை."

அந்தத் தாள் இன்றும் அந்த வீட்டு பைபிளுக்குள் இருக்கிறது. அச்சடித்த கடிதத்துக்கு அடியில் மையில் லிஸ்பெத்தின் பெயர். அதற்கும் அடியில், நீதிபதியின் கையெழுத்தில், 'என் மகள்.'