பதினாலு மாத்திரை

குப்பைத்தொட்டியைச் சமையலறைத் தரையில் அப்படியே கவிழ்த்தாள். வெங்காயத் தோல், டீத்தூள், கிழிந்த பால் கவர். தேடியது மட்டும் இல்லை.

"ஆறு வாரமா ஒண்ணுகூட இல்லைங்க."

"எது?" என்றான் கணவன்.

"அப்பாவோட மாத்திரை அட்டை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கடையிலேர்ந்து பதினாலு மாத்திரை அட்டை ஒண்ணு கொண்டுவந்து குடுக்கறேன். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. காலி அட்டை இந்தத் தொட்டிக்குத்தான் வரணும். வரலை. அவர் ரூம்லயும் இல்லை. அப்படின்னா என்ன அர்த்தம்?"

மருந்துக்கடை வைத்திருப்பவளுக்கு இது விரல்விட்டு எண்ணுகிற கணக்கு. அட்டையை முழுசாகவே எங்கேயோ வீசுகிறார். தலையில் கை வைத்து ஜெபித்தே நோயைத் தீர்ப்பதாகச் சொல்கிற அந்த ஜெபக்காரரிடம் அப்பா போக ஆரம்பித்தும் சரியாக ஆறு வாரம்.

அதற்கு முன் இரண்டு வருஷம் ஒரு அட்டைகூடத் தவறியதில்லை. அப்படியும் அவருக்குப் பக்கவாதம் லேசாக எட்டிப் பார்த்தது. இடது கைக்குச் சட்டைப் பொத்தானைப் போட இன்னும் வரவில்லை. 'மாத்திரையை ஒழுங்கா போட்டாரா?' என்று கேட்ட டாக்டரை அவள் ஒரு பிடி பிடித்துவிட்டாள். 'நான் மருந்துக்கடைக்காரி சார். காலி அட்டையை நானே எண்ணிப் பாத்திருக்கேன். கோளாறு உங்க மருந்துல.'

டாக்டர் மருந்தை மாற்றி எழுதிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். இன்னொரு தடவை வந்தால் ஆள் தேறுவது கஷ்டம்.

அந்த இன்னொரு தடவையை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கத்தான் ஒருத்தன் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறான்.

"மனசுக்கு ஆறுதலா இருக்குன்னு போறாரு, விடேன்."

"ஆறுதல் மூளையில ரத்தம் உறையாம பாத்துக்குமா? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்."

ஜெபக்கூடம் டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. தடதடவென்று படியேறினாள்.

உள்ளே முப்பது பேராவது வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் கையும் எதையோ பிடித்துப் பொத்தியிருந்தது. பணம்தான், வேறென்ன. வரிசையின் முன்பக்கத்தில் அப்பா. அவர் கையும் பொத்தித்தான் இருந்தது.

ஜெபக்காரர் ஒல்லியான மனிதர். ஒருவர் தலையில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடியிருந்தார்.

"உங்க கையில அவ்வளவு சக்தி இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போய் ஒவ்வொரு கட்டிலா வைங்க" என்று வாசலிலேயே ஆரம்பித்தாள். "எங்கப்பாவோட மாத்திரையை எதுக்கு வீசச் சொன்னீங்க? அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்தக் கைக்கு விலங்கு மாட்டாம விடமாட்டேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டு நிமிஷம்மா. இவங்க ரொம்ப நேரமா நிக்கறாங்க" என்றார் ஜெபக்காரர். எதிரில் நின்ற பெண்மணியிடம், "காட்டுங்க" என்றார்.

பெண்மணி கையை விரித்தாள். உள்ளே இருந்தது மாத்திரை அட்டை. ஜெபக்காரர் கட்டைவிரலால் ஒவ்வொரு குழியாகத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டு மீதி இருக்கே?"

"மறந்துட்டேங்க ஐயா."

"கூஜாவுல தண்ணி இருக்கு. இன்னிக்கு உள்ளதைப் போட்டுட்டுக் கடைசியில வந்து நில்லுங்க. அப்புறம் ஜெபிக்கலாம்."

அடுத்தது அப்பா. கையை விரித்தார். அட்டையின் பதினாலு குழியும் காலி. ஜெபக்காரர் அதை வாங்கிப் பக்கத்து டப்பாவில் போட்டார். நூறு அட்டையாவது கிடந்தது அதில். அப்பாவின் தலையில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் கேட்டார்.

"முழுங்கினீங்களா?"

"முழுங்கினேன் ஐயா."

அதன் பிறகுதான் ஜெபம். முடிந்ததும் அவளிடம், "கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்கம்மா. படி செங்குத்து" என்றார். அவ்வளவுதான்.

அப்பாவோடு பாதிப் படி இறங்கினாள். அப்புறம் பொரிந்தாள்.

"இதை வீட்டுலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? பைத்தியக்காரி மாதிரி குப்பையைக் கிளறிட்டு, முப்பது பேர் முன்னாடி மானத்தை வாங்கிக்கிட்டேன். முன்னெல்லாம் அட்டையைத் தொட்டியிலதானே போடுவீங்க?"

"அது நீ எண்ணுவேன்னு போட்டது."

"அப்படின்னா?"

"மாத்திரையெல்லாம் வாஷ்பேசின்ல போச்சும்மா. உங்கம்மா போனதுக்கப்புறம் எதுக்கு இதுன்னு இருந்துச்சு. அந்த ரெண்டு வருஷமும் ஒண்ணுகூட நான் முழுங்கலை."

அவளுக்கு டாக்டரின் முகம் ஞாபகம் வந்தது. கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. அதற்கு யார்மேலாவது இறங்கியாக வேண்டியிருந்தது.

"இவரையும் அப்படியே ஏமாத்தியிருக்கலாமே. காலி அட்டையைக் காட்டினா இவருக்கென்ன தெரியப்போகுது?"

"மொத வாரம் அப்படித்தான் காட்டினேன். தலையில கையை வெச்சுட்டு முழுங்கினீங்களான்னு கேட்டாரு. கை தலையில இருக்கும்போது பொய் வரமாட்டேங்குது."

"நானும்தான் தினமும் கேட்டேன் அப்பா. மாத்திரை போட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு. ஒருநாள் விட்டிருப்பேனா?"

"கேட்டே, இல்லைன்னு சொல்லலை" என்றார் அப்பா, கைப்பிடிச் சுவரைப் பிடித்து அடுத்த படியில் காலை வைத்தபடி. "வாசல்ல நின்னு, செருப்பை மாட்டிக்கிட்டே."