கதாநாயகியின் பெட்டி

பெட்டியோடு வாசல் கதவருகே நிற்கச் சொன்னாள் மருமகள். நின்றேன்.

தலையில் அவளுடைய பச்சைத் துப்பட்டா. முகத்தில் சவரம் செய்யாத வெள்ளைத் தாடி. கதாநாயகி நான்தான்.

ஆச்சரியப்பட வேண்டாம். எங்கள் வீட்டில் காதல் நாவல் இப்படித்தான் உற்பத்தியாகிறது.

அவளுடைய முதல் நாவலில் கதாநாயகன் ஒரு கையால் குடையைப் பிடித்தான், ஒரு கையால் சைக்கிளைத் தள்ளினான், இன்னொரு கையால் காதலியின் கண்ணீரைத் துடைத்தான். மூன்று கை. பதிப்பாளர் போனில் சிரித்த சிரிப்பு சமையலறை வரை கேட்டது.

அன்றிலிருந்து ஆட்களை நிற்க வைத்து, நடக்க வைத்து, யார் கை யார் தோளுக்கு எட்டுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஒரு வரி எழுதுவாள்.

முன்பெல்லாம் கதாநாயகி அவள், கதாநாயகன் என் மகன். எனக்கு ரயில், மழை, வில்லன் அப்பா மாதிரி உதிரி வேடங்கள். பிறகு, தானே நடித்தால் தள்ளி நின்று பார்க்க முடியவில்லை என்று அவள் ஒதுங்கிக்கொண்டாள். எனக்குப் பதவி உயர்வு.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே செய்தேன். இருமுறை கர்ப்பமாகியிருக்கிறேன். என் அழகில் மயங்கி ஒரு டாக்டர் பாதி அறுவை சிகிச்சையில் கத்தியோடு நின்றுவிட்டார். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்ததிலிருந்து, தெருவில் என்னைக் கண்டால் அந்தப் பக்கமாகப் போகிறார்.

மருமகளுக்குப் பகலில் பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிற வேலை. உள்ளே யாரோ பல்லைப் பிடுங்கக் கொடுத்து அலறும்போது, வெளியே அவளுடைய காதலர்கள் கை கோத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தால் சோறு வேகிற நேரத்தில் ஒரு முத்தம், துணி காய்கிற நேரத்தில் ஒரு பிரிவு. அச்சான புத்தகங்களுக்கு அலமாரி போதவில்லை.

மகன் ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

ஆரம்பத்தில் ஒத்திகைக்கு ஓடி வருவான். தாளில் இல்லாத வசனமெல்லாம் சேர்த்து விடுவான். அவள் வெட்கத்தில் பேனா மூடியைக் கடிப்பாள். இப்போது அலுவலகத்தையே மடித்துக் கைபேசிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். காதல் சொல்லும்போதும் கண் அதில்தான்.

போன மாதம், "இதையெல்லாம் மூட்டை கட்டி வச்சிட்டு புள்ளையப் பாரு" என்றான். அதற்குப் பிறகு இருவரும் பேசி நான் கேட்பது ஒத்திகையில் மட்டும்தான்.

பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் குழுவின் மூத்த நடிகர் அது. எந்த நாவலானாலும் யாராவது அதை எடுத்துக்கொண்டு கிளம்பியே தீர வேண்டும். உள்ளே வெறும் காற்று. ஒத்திகை முடிந்ததும் மகன் ஒற்றை விரலில் கோத்து அலமாரி மேல் எறிவான்.

"தூக்க வேணாம் மாமா. பக்கத்துல நின்னா போதும்," என்றாள் மருமகள் இன்று.

பேத்தி சோபாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். காலில் சாக்ஸ், ஷூ. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

காட்சி இதுதான். கதாநாயகி வீட்டை விட்டுப் போகிறாள். கதாநாயகன் ஒரே ஒரு வசனம் சொல்ல வேண்டும். அந்த வசனத்தை மருமகள் எழுதவில்லை.

"உங்களுக்கு என்ன தோணுதோ அதச் சொல்லுங்க," என்றாள் அவனிடம்.

கைபேசியைத் தடவிக்கொண்டே, "எதுக்கு இவ்ளோ பில்டப்பு? எப்படியும் கடைசில சேத்துதான வைக்கப்போற," என்றான் அவன்.

அவள் பேனா மூடியைக் கடிக்கவில்லை. மூடியைப் போட்டு, பேனாவைக் கைப்பைக்குள் வைத்தாள்.

சரி, காட்சியை நாமாவது ஒப்பேற்றுவோம் என்று மூக்கை உறிஞ்சினேன். பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து லேசாக இழுத்தேன்.

பிடித்த கையை எடுத்துக்கொண்டு, பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"கதாநாயகிக்கு முட்டி வலி."

பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். மருமகள் சிரிக்கவில்லை.

"எந்திரிங்க மாமா. நேரமாச்சு."

எதற்கு நேரமாயிற்று என்று நான் கேட்கவில்லை. எழுந்து, துப்பட்டாவை மடித்து அவள் கையில் கொடுத்தேன். அப்புறம் மகனைக் கூப்பிட்டேன்.

"டேய், ஒத்திகை முடிஞ்சுது. பெட்டிய எடுத்து மேல வை."

மருமகள் திரும்பினாள். தான் எழுதாததைப் பேசிவிட்ட பாத்திரத்தைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

மகன் வந்தான். ஒரு கையில் கைபேசி, கண் அதில். மறுகையின் ஒற்றை விரலைக் கைப்பிடியில் கோத்து இழுத்தான்.

பெட்டி வரவில்லை.

முழுக் கையால் பிடித்து இழுத்தான். தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பி, தொப்பென்று உட்கார்ந்தது. ஜிப் ஓரத்தில், நீலக் கட்டம் போட்ட பள்ளிச் சீருடையின் நுனி ஒன்று மாட்டிக்கொண்டு வெளியே தெரிந்தது.

கைபேசி ஏதோ சத்தம் போட்டது. அவன் அதைப் பார்க்கவில்லை.

சீருடையைப் பார்த்தான். மகளின் ஷூவைப் பார்த்தான். கடைசியில் மனைவியைப் பார்த்தான்.

வாயைத் திறந்தான். வசனம் வரவில்லை.

நான் எடுத்துக்கொடுக்கவில்லை.