பூசணிக்காய் வைத்தியம்

முள்ளம்பன்றி வீரபாகுவுக்குத் தீராத இடுப்புவலி. அவன் மனைவி செங்கமலம்தான் தினமும் அமுக்கிவிடுவாள். சுகம் கண்டதும் அவன் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொள்ளும். "ஐயோ!" என்று அவள் கத்துவாள்.

"வலி எனக்கு. கத்துறது நீயா?" என்பான் அவன்.

அவள் கையெல்லாம் காயம். சாப்பிட உட்கார்ந்தாலும், "கமலம், இடுப்பு!" என்று குரல் வந்துவிடும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், தான் தின்ன வைத்திருந்த பூசணிக்காயைத் தூக்கி அவன் முதுகில் உருட்டினாள்.

"அடடா! இன்னிக்கு உன் கை பஞ்சு மாதிரி இருக்கே!" என்று அவன் சிலிர்த்தான். முட்கள் காய்க்குள் இறங்கிவிட்டன. அவள் இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. அவன் எழுந்தான், காயும் கூடவே எழுந்தது.

"என் சாப்பாடு போச்சே!" என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பசி தாங்காமல், காயை அவன் முதுகில் வைத்தே கடித்தாள்.

வீரபாகு கண்ணை மூடிக்கொண்டான். "அங்கேதான்... அதே இடம்தான்... இன்னொரு கடி கடி!"

வயிறு நிறைந்து அவள் ஏப்பம் விட்டபோது, அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் வீரபாகு தோட்டத்துக்குப் போய், முக்கி முனகி ஒரு பெரிய பூசணிக்காயை உருட்டிக்கொண்டு வந்தான்.

"கமலம்," என்றான் வெட்கத்தோடு, "உனக்குப் பசிக்குதா?"