பொன்னாடை

“கடனைக் கட்டாம ஏமாத்தினவரோட மகளுக்குக் கல்விக் கடன் குடுக்க முடியாது, மை லார்ட்” என்றார் வங்கியின் வக்கீல்.

மனு போட்ட பூவிழிக்கு முகம் சிவந்தது. நர்சிங் படிக்க இடம் கிடைத்தும் அவளை மாதக்கணக்கில் அலைய விட்டிருந்தார்கள். பக்கத்தில் அவள் அப்பா வைரக்கண்ணு, வலங்கைமான் விவசாயி, தரையைப் பார்த்தபடி நின்றார்.

“எந்தக் கடன்?” என்றார் நீதிபதி.

“பயிர்க் கடன். வெள்ளத்துல நெல்லு அழுகிடுச்சுன்னு ஒரு தவணைகூடக் கட்டல.”

“நீங்க என்னம்மா சொல்றீங்க?”

பூவிழி செல்போனை நீட்டினாள்.

“அவங்க கிளைச் சுவத்துல பெரிசா மாட்டியிருக்கிற படங்க ஐயா. மேனேஜர் பொன்னாடை போத்துறது எங்கப்பாவுக்குத்தான்.”

“எதுக்குப் பொன்னாடை?”

“அந்தக் கடனைத் தள்ளுபடி பண்ணிட்டோம்னு அவங்களே விழா எடுத்தாங்க. அப்பா வரலைன்னு சொல்லியும் கார் அனுப்பிக் கூட்டிட்டுப் போனாங்க. இப்ப அந்தத் தள்ளுபடியத்தான் ஏமாத்துனதா எழுதி வச்சிருக்காங்க.”

வக்கீல் திரும்பி மேனேஜரைத் தேடினார்.

வைரக்கண்ணு முதல்முறையாக நிமிர்ந்தார்.

“பொன்னாடையும் என்கிட்ட இல்லைங்க ஐயா. படம் எடுத்ததும் உருவி, அடுத்த ஆளுக்குப் போத்திட்டாங்க.”