ஒரே ரத்தம், இரண்டு ரிப்போர்ட்

டாக்டர் டெபோரா இரண்டு ரிப்போர்ட்டையும் மேசைமேல் அருகருகே வைத்தார். இரண்டிலும் அப்பா பெயர்: வேதசிரோமணி, 61.

ஒரே நாளில் எடுத்த ஒரே ரத்தம். முதல் ஆஸ்பத்திரி மெஷினில் ட்ரோபோனின் எகிறியிருந்தது. கிழக்குத் தாம்பரத்தில் இவருடைய லேபில் நார்மல்.

ட்ரோபோனின் ஏறினால் இதயத் தசைக்கு அடி என்று அர்த்தம். கீமோ மருந்துதான் காரணம் என்று அப்பாவுக்கு அதை நிறுத்தினார்கள். எக்கோ எடுத்தார்கள். ஆஞ்சியோ எடுத்தார்கள். எதிலும் ஒன்றும் இல்லை. ரத்தத்தில் மட்டும் அந்த எண் இறங்கவே இல்லை.

ஏழு வாரம் போய்விட்டது. இரண்டு கீமோவில் கரைந்திருந்த கழுத்துக் கட்டி இப்போது மறுபடி வளர்ந்து சட்டைக் காலருக்கு மேலே தெரிந்தது.

"சார், நீங்க எலி, முயல் மாதிரி ஏதாவது வச்சு வேலை பார்த்திருக்கீங்களா?"

"காலேஜ் அனிமல் ஹவுஸ்ல அட்டெண்டரா இருபத்தாறு வருஷம் மேடம். கேன்சர் மருந்தெல்லாம் மொதல்ல எங்க எலிக்குத்தான். கடி வாங்காத விரலே இல்ல." அப்பா பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

டாக்டர் சிரிக்காமல் விளக்கினார்.

வருஷக்கணக்கில் எலிகளோடு புழங்கினால் சிலர் ரத்தத்தில் ஓர் எதிர்ப்பொருள் உண்டாகுமாம். சில மெஷின்கள் அதில் ஏமாந்து, இல்லாத ட்ரோபோனினை இருப்பதாகக் காட்டுமாம். அப்பாவின் இதயத்துக்கு எதுவும் ஆகவில்லை. எப்போதுமே ஆகவில்லை.

"இது தெரிஞ்சிருந்தா மொத வாரமே சந்தேகப்பட்டிருப்பாங்க. என்ன வேலைன்னு அங்க யாருமே கேக்கலையா?"

"இல்ல மேடம்" என்றார் அப்பா. "அங்க இருக்கிற கூட்டத்துல அவங்களுக்கு ஏது நேரம்."

என் பக்கம் திரும்பவில்லை.

கேட்டார்கள்.

கிறிஸ்டி அப்போது என் மனைவி இல்லை. சர்ச்சில் எங்களுக்கு முதல் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவள் அப்பா மறைமலை நகரிலிருந்து ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அப்பாவின் வேலையைப் பற்றி அவர் வீட்டில் நான் வேறு மாதிரி சொல்லிவைத்திருந்தேன்.

என்ன வேலை என்று அங்கிருந்த டாக்டர் கேட்டதும் அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"புரொஃபசர், சார்."