உள்பக்கப் பனி

கார்க் கண்ணாடியில் உள்பக்கமாகப் பனி படிந்து பார்த்திருக்கிறீர்களா? உள்ளே யாராவது மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் அப்படிப் படியும்.

இந்த வாரம் முழுக்கக் காலையில் பனிமூட்டம் என்று ரேடியோ சொல்லியிருந்தது. டாக்சிக்காரர் எழுந்து வந்தபோது, பூட்டி வைத்த வண்டி வெளுத்துப்போய் நின்றது. துணியால் துடைத்தார். பின்சீட்டு ஜன்னலில் மட்டும் ஒரு வட்டம் போகவே இல்லை. அது உள்ளே இருந்தது. பள்ளிக்கூடம் போகும்போது மகள் உட்காரும் இடம் அது. மறுநாளும் அதே வட்டத்தைப் பார்த்ததும் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

மெக்கானிக் சிரித்தான். "அண்ணிகூட சண்டை போட்டுட்டு வண்டியிலயா படுத்தீங்க?"

"விளையாடாதடா. பாப்பா உக்கார்ற இடம். பயமா இருக்கு."

"வெறும் ஈரம்ண்ணே. ராத்திரி கதவெல்லாம் திறந்து போடுங்க. உள்ள இருக்கிறது தானா வெளிய போயிடும்."

அன்று இரவு வண்டியின் நான்கு கதவுகளையும் திறந்து போட்டார். வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்தார்.

மறுநாள் காலை வண்டிக்குள் துளி ஈரமில்லை. மகள் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைமாட்டு ஜன்னலின் உள்பக்கத்தில் இரண்டு வட்டங்கள் ஒட்டினாற்போலப் படிந்திருந்தன.