விருந்தாளிக்கு ஒரு பெருக்கல்

செங்கல்பட்டில் விஞ்ஞானி பார்த்தசாரதி வீட்டுக்கு யார் போனாலும் காபிக்கு முன்னால் ஒரு பெருக்கல் பரிமாறப்படும். பெருக்குவது ஒன்பது வயது மகள் ரோகிணி.

அன்று அவருடைய ஆபீஸ் விஞ்ஞானிகள் எட்டுப் பேர் வந்திருந்தார்கள்.

“ரெண்டு நம்பர் சொல்லுங்க சார்.”

“நாலாயிரத்து எழுநூத்தி முப்பத்தெட்டு இன்ட்டு அறுநூத்தி இருபத்தஞ்சு.”

“இருபத்தொன்பது லட்சத்து அறுபத்தோராயிரத்துப் பதினேழு” என்றாள் ரோகிணி, கண் இமைப்பதற்குள்.

எட்டுப் பேரும் கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை மகாபலிபுரத்துல போட்டி. ஜெயிச்சா நாலாங்கிளாஸை நிறுத்திட்டு நேரா காலேஜ்தான்” என்றாள் அம்மா சியாமளா.

ஏசி ரிப்பேருக்கு வந்திருந்த நூர்முகமது ஏணியிலிருந்து குனிந்தார். “இன்னா சார் இது? எட்டையும் அஞ்சையும் பெருக்கினா கடைசில சைபர்தானே வரணும்? பாப்பா ஏழுன்னுது!”

“மேதைங்க கணக்கு மெக்கானிக்குக்குப் புரியாதுப்பா. நீ வேலையைப் பாரு” என்றார் பார்த்தசாரதி. அதற்கும் எட்டுப் பேர் கைதட்டினார்கள்.

வேலை முடிந்து படியிறங்கிய நூர்முகமதின் பின்னால் ரோகிணி ஓடிவந்தாள்.

“அங்கிள், ஏழு வயசு வரைக்கும் கரெக்டாதான் சொன்னேன். அப்புறம் வாய்க்கு வந்த நம்பர்தான். யாராவது தப்புன்னு சொன்னா என்னை விட்டுடுவாங்கன்னு பார்த்தேன். ரெண்டு வருஷத்துல நீங்கதான் ஃபர்ஸ்ட்.”

“அட அல்லாவே!”

“ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்க அங்கிள். முன்வரிசையில உக்காந்து இதே மாதிரி சத்தமா சொல்லுங்க. ஜட்ஜுங்க எல்லாரும் அப்பா ஆபீஸ்தான்.”